சராசரிக்குள் மறையும் புகை

பெங்களூரின் காற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் டெல்லியைச் சுட்டிக்காட்டி நிம்மதி அடைவது இந்நகரத்தின் வழக்கமாகிவிட்டது. அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. நம் நாட்டுக் காற்றுத் தரக் குறியீட்டின்படி, பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் ஒரு கனமீட்டரில் 60 மைக்ரோகிராம் வரை இருந்தாலும் அந்த நாளுக்குப் பெயர் 'திருப்திகரம்'. உலக சுகாதார அமைப்பு 2021-இல் வகுத்த 24 மணி நேர வரம்பு 15. அதைப் போல நான்கு மடங்கு வரைக்கும் நமக்குத் திருப்திதான்.

குறியீடு என்பது சராசரி. ஒரு நாளின் சராசரி. ஒரு வட்டாரத்தின் சராசரி. வாகனப் புகையோ சராசரியாகப் பரவுவதில்லை. பெருஞ்சாலையின் இருபுறமும் 300 முதல் 500 மீட்டர் வரையுள்ள பகுதியே அதன் பாதிப்பை மிகுதியாகத் தாங்குகிறது என்று அமெரிக்காவின் ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிடியூட் 2010-லேயே ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. ஹொசூர் ரோட்டிலும் அவுட்டர் ரிங் ரோட்டிலும் அந்த எல்லைக்குள் பகல் முழுவதும் இருப்பவர்கள் யார் என்று எந்தக் குறியீடும் சொல்வதில்லை.

கே.ஆர். மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே பூ வியாபாரம் தொடங்கிவிடுகிறது. லாரிகளும் டெம்போக்களும் என்ஜினை அணைக்காமலே சரக்கு இறக்குகின்றன. தலைக்கு மேலே மேம்பாலம். புகை மேலெழும்ப வழியில்லை. தரையில் சாக்கை விரித்துப் பூக்கட்டும் பெண்ணின் முகமும் எதிரே நிற்கும் ஆட்டோவின் புகைக்குழாயும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கின்றன. குளிர்கால விடியலில் தரையையொட்டிய குளிர்காற்றின் மேல் வெப்பமான காற்று மூடிபோல் படிந்துவிடுவதால், மாசு கலையாமல் தங்குவது அந்த நேரத்தில்தான். பௌரகார்மிகர்கள் எனப்படும் தூய்மைப் பணியாளர்கள் துடைப்பத்தோடு சாலையில் இறங்குவதும் அதே நேரத்தில்தான். போக்குவரத்துக் காவலர், ஆட்டோ ஓட்டுநர், தள்ளுவண்டிக்காரர், பேருந்துக்காக அரைமணி நேரம் நிற்பவர் என இந்த வரிசை நீளும். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குளிர்சாதனக் காரில் போகிறவர் இந்த வரிசையில் இல்லை.

புகையின் பாதிப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல என்பது ஊகமன்று. குழந்தை நல மருத்துவர் எச். பரமேஷ் இந்நகரின் 12 பள்ளிகளில், 6 முதல் 15 வயதுக்குட்பட்ட 6,550 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2002-இல் 'இண்டியன் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியானது. வாகன நெரிசல் குறைந்த பகுதிப் பள்ளிகளில் ஆஸ்துமா 11.15 சதவீதம். நெரிசல் மிகுந்த பகுதிகளில் 19.34 சதவீதம். நெரிசலோடு வறுமையும் சேர்ந்த இடங்களில் 31.14 சதவீதம். ஒரே நகரம், ஒரே வயதுப் பிள்ளைகள். வேறுபாடு ஏறத்தாழ மூன்று மடங்கு. நகரத்தின் சராசரியை மட்டும் கேட்டிருந்தால் அந்த ஆய்வு தந்திருக்கும் விடை 16.6 சதவீதம். அந்த எண்ணுக்குள் 31 இருப்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

லண்டனில் நெரிசல் மிகுந்த சாலையருகே வசித்த 9 வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் 2013-இல் இறந்தார். அவருடைய மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று 2020-இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். நம் ஊரில் எந்த மரணச் சான்றிதழிலும் அந்தச் சொல் ஏறுவதில்லை.

இந்தப் புகைக்கான காரணங்கள் எவருக்கும் புதியவை அல்ல. பெங்களூரில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இருசக்கர வாகனங்கள். நகரப் பேருந்துகளோ சுமார் 7,000. இருசக்கர ஓட்டியைக் குற்றம் சொல்வது எளிது. பேருந்து எட்டிப் பார்க்காத லேஅவுட்டில் வாடகைக்கு இருப்பவர் வேறெப்படி வேலைக்குப் போவார் என்பதற்கு, சாலையை அகலப்படுத்துவதையே போக்குவரத்துக் கொள்கையாகக் கொண்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கும் எமிஷன் டெஸ்ட் வேனைப் பாருங்கள். புகைக்குழாயில் ஒரு குழாயைச் செருகுகிறார்கள். நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கிறார்கள். சில நிமிடங்களில் சான்றிதழ் கைக்கு வந்துவிடுகிறது. பெட்ரோல் வண்டியில் அளக்கப்படுவது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும். டீசல் வண்டியில் புகையின் அடர்த்தி. நுண்துகளின் எடையையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் இந்தச் சோதனை தொடுவதே இல்லை. நுரையீரலின் ஆழம்வரை செல்லும் துகளை அளக்காமலேயே வண்டி தேறிவிடுகிறது. இதற்கும் பதில் வேண்டும்.

பணம் செல்லும் திசையும் கேள்விக்குரியது. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் நகரங்களின் முன்னேற்றம் பெரிய துகளான பி.எம். 10-ஐ வைத்தே மதிப்பிடப்படுகிறது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாடு முழுவதும் இத்திட்டத்தில் செலவான தொகையில் 64 சதவீதம் சாலைத் தூசியை அடக்கச் சென்றது. வாகனப் புகைக்குச் சென்றது 13 சதவீதத்துக்கும் குறைவு. தூசியும் தீங்குதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீர் தெளிக்கும் லாரியால் புகைக்குழாயை அடைக்க முடியாது.

சட்டம் இல்லை என்று எவரும் கைவிரிக்க முடியாது. மாசற்ற காற்று வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே கூறிவிட்டது. 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. வாகனப் புகைக்கான அளவுகள் மீறப்படாதிருக்க மாநில அரசு வாகனப் பதிவு அமைப்புக்கு அறிவுறுத்தல் தர வேண்டும். அந்த அமைப்பு அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். நடைமுறையில் மாசை அளப்பது ஓர் அமைப்பு, வண்டியைப் பதிவு செய்வது இன்னோர் அமைப்பு, பேருந்து விடுவது மூன்றாவது, சாலை போடுவது நான்காவது. நான்கு கைகளில் பிரிந்த பொறுப்புக்குப் பதில் சொல்ல ஒரு வாயும் இல்லை. அரசு ஓர் அமைப்பைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்க வேண்டும். இலக்கும் காலக்கெடுவும் எழுத்தில் வேண்டும்.

அளவீடு மனிதர் சுவாசிக்கும் உயரத்துக்கு, சாலையோரத்துக்கு இறங்கி வர வேண்டும். சில்க் போர்டில், ஹெப்பாலில், டின் ஃபேக்டரியில், கே.ஆர். மார்க்கெட்டில் மணிக்கொரு முறை எடுத்த அளவு அங்கேயே கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் உருதுவிலும் தெரிய வேண்டும். பௌரகார்மிகர்களின் பணிநேரம் அந்த அளவைப் பார்த்து மாற வேண்டும். ஹெப்பாலையும் சில்க் போர்டையும் இணைக்கத் திட்டமிடப்பட்டுள்ள சுமார் 17 கி.மீ. சுரங்கச் சாலைக்கும் இதே கேள்வி பொருந்தும். உள்ளே சேரும் புகை எந்த இடத்தில் வெளியேற்றப்படும், அந்த இடத்தைச் சுற்றி வசிப்பவர்கள் யார் என்பதை வேலை தொடங்குமுன் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளிகளில் பரமேஷ் நடத்திய அந்த ஆஸ்துமா ஆய்வு அரசின் செலவில் மீண்டும் நடக்க வேண்டும். அதே முறையில், நெரிசலையும் வருவாயையும் பிரித்துக் காட்டி, அடுத்த ஜூன் மாதப் பள்ளித் திறப்புக்குள் முடிவுகள் வெளியாக வேண்டும். அன்று கணக்கில் வந்த பிள்ளைகளில் பலர் இன்று பெற்றோர். அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை சதவீதத்தில் இருக்கிறார்கள் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்கும் கடமை அரசுக்கு இருக்கிறது.