திருகாணி ஒன்று கழன்றது

காதுத் தோட்டின் திருகாணி கழன்று விழுந்துவிட்டால் ஒரு வீட்டில் எத்தகைய அமளி உண்டாகும் என்பதை நேயர்கள் நன்கு அறிவார்கள். பாயை உதறுவதும், பெருக்கிய குப்பையைக் கிளறுவதுமாக அன்றைப் பொழுது கழிந்துவிடும். 2023-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவின் அதிகாரிகள் இத்தகைய தேடலில்தான் ஈடுபட்டிருந்தார்கள். ஆனால் தேட வேண்டிய இடம் வீட்டுக் கூடமன்று. 1,400 கிலோமீட்டர் நீளமுள்ள சாலை. தேடிய பொருளோ 8 மில்லிமீட்டர் உயரமும் 6 மில்லிமீட்டர் குறுக்களவும் உள்ள ஒரு சிமிழ். கொண்டைக்கடலையைப் போல் இருக்கும் என்று வைத்துக் கொள்ளலாம்.

அந்தச் சிமிழுக்குள் சீஸியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. சுரங்கத்தில் இரும்புத் தாதுவின் அடர்த்தியை அளக்கும் கருவியில் அதைப் பொருத்தியிருந்தார்கள். பழுது பார்ப்பதற்காக அக்கருவி ஜனவரி 12-ஆம் தேதி நியூமன் என்ற ஊரின் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து லாரியில் புறப்பட்டது. 16-ஆம் தேதி பெர்த் நகரை அடைந்தது. 25-ஆம் தேதி பெட்டியைத் திறந்து பார்த்தால் கருவி உடைந்து கிடக்கிறது, நான்கு திருகாணிகளில் ஒன்றைக் காணோம், சிமிழையும் காணோம்! லாரி குலுங்கிய குலுக்கலில் ஆணி கழன்று, அந்தத் துவாரத்தின் வழியாகவே சிமிழும் நழுவியிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள்.

அச்சிமிழிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரம் நின்றால், பத்து எக்ஸ்-ரே படங்கள் எடுத்துக் கொண்டதற்கு ஈடான கிரணங்கள் உடலில் பாயும் என்றார்கள் அதிகாரிகள். விவரம் அறியாமல் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டாலோ, தோல் வெந்து புண்ணாகிவிடும். சீஸியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே சுமார் 30 வருஷங்கள் ஆகும்.

27-ஆம் தேதி விஷயத்தை ஜனங்களுக்கு அறிவித்தார்கள். சிமிழின் அளவு இன்னது, லாரி சென்ற வழி இன்னது, கண்டால் தொடாதீர்கள், ஐந்து மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள், அவ்வழியே சென்றவர்கள் மோட்டார்ச் சக்கரங்களைப் பாருங்கள் என்று தெளிவாகச் சொன்னார்கள். ஐந்து மீட்டர் என்றதற்குக் காரணம் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் கிரணங்களின் தீவிரம் நாலில் ஒரு பங்காகும்; ஐந்து மடங்கானால் இருபத்தைந்தில் ஒரு பங்காகும். ஆகவே, விலகி நிற்பதே முதல் கவசம்.

பிப்ரவரி முதல் தேதி, மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற சோதனை வண்டியிலிருந்த கருவி கிரணங்களை உணர்ந்தது. சாலையோரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சிமிழ் கிடந்தது. ஈயப் பெட்டியில் அடைத்து எடுத்துச் சென்றார்கள். யாருக்கும் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. இத்தகைய குற்றத்திற்கு அந்தச் சமயம் சட்டத்தில் இருந்த அபராதம் 1,000 டாலர் என்று கேட்டபோது, அந்நாட்டுப் பிரதம மந்திரியே அது மிகச் சொற்பம் என்றார்.

இதை வாசிக்கும்போது நம் தலைநகரில் நடந்தது நினைவுக்கு வருகிறது. 2010-ஆம் வருஷத்தில், டில்லிச் சர்வகலாசாலையில் பல காலம் உபயோகமின்றிக் கிடந்த கருவியொன்று ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரிப் பழைய இரும்புக் கடைகளுக்குச் சென்றது. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. தொழிலாளிகள் நோயுற்று வைத்தியசாலைக்கு வந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. ஓர் ஏழைத் தொழிலாளி உயிரிழந்தார். அங்கே கடலையளவுப் பொருள் காணாமற் போனதும் தேட ஆரம்பித்தார்கள். இங்கே ஒரு பெரிய கருவி போனதையும் யாரும் தேடவில்லை. வித்தியாசம் செல்வத்தில் மட்டும் இல்லை. கணக்கு வைத்துக் கொள்வதில் இருக்கிறது.

நம் சாலைகளிலும் வைத்தியத்திற்காகவும் தொழிலுக்காகவும் இத்தகைய பொருள்கள் செல்லுகின்றன. மஞ்சள் நிறத்தின்மேல் மூன்று இதழ் கொண்ட கரிய சின்னம் அவற்றின் அடையாளம். அத்தகைய வண்டி விபத்துக்குள்ளானால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடலாகாது. சிதறிய எதையும் தொடலாகாது. 112-க்குத் தெரிவித்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகி நிற்க வேண்டும். ஆயினும், காயம்பட்டவர் உயிருக்குப் போராடும்போது, கிரணங்களை அளந்த பிறகே காப்பாற்றுவோம் என்று மீட்க வந்தவர்கள் காத்திருக்கக் கூடாது. உயிரைக் காப்பதே முதற் கடமை என்பதுதான் உலகெங்கும் இதற்கு வகுத்துள்ள விதி.

தவறு நேர்ந்தால் மறைக்காமல் சொல்வது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுக் கலங்காமல் நடந்து கொள்வது ஜனங்களின் கடமை. இவ்விரண்டிற்கும் முன்னால், புறப்படும்போதே திருகாணியை இறுக முடுக்கியிருக்கிறதா என்று பார்ப்பது, பெட்டியைப் பூட்டுகிறவரின் கடமை.