பொது வார்டில் மது நோயாளி

எலும்பு முறிவுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பொது வார்டில் சேர்ந்த நோயாளி ஒருவர், முதல் நாள் சாதுவாய் இருந்து, இரண்டாம் நாள் கை நடுங்கி வியர்த்து, மூன்றாம் நாள் இரவில் இல்லாத பூச்சிகளைப் போர்வையிலிருந்து தட்டியவாறு டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கி எறிந்து எழுந்தோடும் காட்சி நம்மில் எவர்க்கும் புதிதன்று. அவரைக் கட்டிலோடு கட்டுவதும், குடிகாரன் என்று கடிவதும், விடிந்ததும் உறவினரிடம் கையொப்பம் பெற்று வெளியேற்றுவதும்கூடப் பல இடங்களில் வழக்கமாகிவிட்டன.

நித்தமும் மதுவுக்குப் பழகிய மூளை, அது திடீரென நின்றதும் நிலைகுலைந்து அடையும் இந்தச் சன்னி, பிராணாபாயம் விளைவிக்க வல்லது. எனினும், முன்கூட்டி அறிந்தால், டயசிபாம் கொண்டும், ஈரல் கெட்டவர்க்கு லோரசிபாம் கொண்டும் பெரும்பாலும் தடுத்துவிடக் கூடியது. குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் கொடுக்கத் தவறினால், நினைவாற்றலே நிரந்தரமாய்ப் பழுதுபடவும் கூடும்.

முன்கூட்டி அறியாமற் போவது ஏன்? மனைவியும் அண்டைக் கட்டிலாரும் கேட்க, குற்றவாளியை விசாரிக்கும் தோரணையில், "குடிப்பீங்களா?" என்று நாம் வினவுகிறோம், "எப்பவாவதுதான்" என்று அவர் தலை கவிழ்கிறார். அந்தப் பொய்யில் பாதிக்கு மேல் நம்முடையது என்பது என் துணிபு. தனியே அழைத்து, "கடைசியா எப்போ குடிச்சீங்க? காலையில குடிக்கலைன்னா கை நடுங்குமா?" என்று சாந்தமாய்க் கேட்டால், பெரும்பாலோர் மறைப்பதில்லை.

இரவுப் பணியில் ஒரே செவிலியர் வார்டு முழுவதையும் தாங்கும் கஷ்டத்தை நான் அறியாதவனல்லன். அவருடைய சினம் களைப்பில் பிறப்பது. ஆனால், அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். எஞ்சியோரில் பலர் வைத்தியத்தைச் சந்திப்பது வேறொரு நோயின் நிமித்தம் நம் வார்டுக்கு வரும்போதுதான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், மது, போதைப்பொருள்களால் விளையும் மனநிலைகளை மனநோயின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது.

ஆகவே, மேற்சொன்ன இரு வினாக்களையும் சேர்க்கைத் தாளில் அச்சிட்டு, அவற்றை ஒதுக்கிடத்தில் கேட்பதற்கு ஒரு மறைப்புத் திரையேனும் அமைத்துத் தருமாறு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களை வேண்டுகிறோம்.