குட்டியானையில் வரும் கொழுப்பு

பக்கத்து வீட்டுக்காரர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினார். சர்க்கரை நோய் வந்து 11 வருஷம். “மொத்தக் கொலஸ்ட்ரால் 190தான் சார், 200-ஐத் தாண்டலை. டாக்டர் எழுதின ராத்திரி மாத்திரையை நான் வாங்கவே இல்லை” என்றார். இரண்டு வரி கீழே டிரைகிளிசரைடு 260, நல்ல கொழுப்பான ஹெச்டிஎல் 34. இரண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தும் அவர் கண் அங்கே போகவில்லை.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கொழுப்பு கெடும் விதமே வேறு. இன்சுலின் சொல்பேச்சு எடுபடாமல் போகும்போது, உடலின் கொழுப்புத் திசு கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் கொட்டுகிறது. கல்லீரல் அவற்றை டிரைகிளிசரைடாகக் கட்டி அனுப்புகிறது. டிரைகிளிசரைடு இப்படிப் பெருகும்போது ஹெச்டிஎல் குறைகிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல் துகள்கள் சிறுத்து, அடர்ந்து போகின்றன. அளவு ஏறாமலே ஆபத்து ஏறுவது இப்படித்தான். பத்து டன் மணலை ஒரே லாரியில் கொண்டுவரலாம், பத்துக் குட்டியானை வண்டிகளிலும் கொண்டுவரலாம். மணலின் எடை ஒன்றுதான்; சந்துக்குள் நுழைந்து முட்டிக்கொள்ளும் வண்டிகளோ பத்து மடங்கு. எல்டிஎல் பரிசோதனை மணலை நிறுக்கிறதே தவிர, வண்டிகளை எண்ணுவதில்லை.

எண்ணுவதற்கு அபோ-பி என்றொரு பரிசோதனை உண்டு. அதற்குப் பணம் இல்லாவிட்டாலும், செலவில்லாத ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது: மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்லைக் கழியுங்கள். பக்கத்து வீட்டு நண்பருக்கு 190-இல் 34 போக 156. அதிக ஆபத்துள்ளவர்களுக்கு இது 100-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல். எல்டிஎல்லுக்கு வரம்பு 70. இந்த வரம்புகளைச் சர்க்கரை நோயாளிகளின் சீட்டில் ஆய்வகங்கள் கட்டாயம் அச்சிட வேண்டும். ஊருக்கெல்லாம் ஒரே ‘நார்மல்’ என்பது இவர்களை ஏமாற்றுகிறது.

உணவிலும் பார்வை தப்பிவிடுகிறது. முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்குபவர் காலையில் ஏழு இட்லி, மதியம் குவித்த சோறு என்று சாப்பிடுகிறார். டிரைகிளிசரைடை ஏற்றுவதில் மாவுச்சத்துக்கும் மதுவுக்கும் பெரும் பங்கு உண்டு.

நண்பர் வாங்காமல் விட்ட ராத்திரி மாத்திரை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை. அது சர்க்கரையைக் கூட்டிவிடும் என்ற பயமும் உண்டு. கொஞ்சம் கூட்டும், உண்மைதான். ஆனால் இதயநோய் வராத 2,838 சர்க்கரை நோயாளிகளிடம் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த ‘கார்ட்ஸ்’ ஆய்வில், தினம் 10 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 37 சதவீதம் குறைத்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தி, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள்.

சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடிப் போகும் மாநிலம் தமிழ்நாடு. அதே பையில் ஸ்டாட்டின் மாத்திரையும் விடாமல் போய்ச்சேர வேண்டும். 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடிவருபவருக்கு உடனே 14 மாத்திரைகள் தருகிறார்கள். அவற்றில் 8, நண்பர் வாங்காமல் விட்ட அதே அட்டார்வாஸ்டாட்டின்.