இந்த வார இசைத்தட்டு: ஒரே சிம்பொனி... அப்பா ஒரு தட்டு, மகன் ஒரு தட்டு!

கண்டக்டர் என்றதும் விசிலும் டிக்கெட்டும் ஞாபகம் வருகிறதா? இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் கண்டக்டர்கள் கையில் இருப்பது ஒரு சின்னக் குச்சி. மேடையில் எந்த வாத்தியத்தையும் தொடமாட்டார்கள். ஆனால், எதிரே இருக்கும் அத்தனை கலைஞர்களும் எங்கே வேகமெடுக்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் அவர்கள்தான்.

பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி தெரியும்தானே? 'ட ட ட டாஆ...' என்று யாரோ கதவைத் தட்டுவதுபோல ஆரம்பிக்குமே, அதேதான்! அதன் எல்.பி. ரெக்கார்டுகளில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, 1953-ல் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபோ இசைக்குழுவோடு எரிக் கிளைபர் பதிவு செய்தது. இன்னொன்று, 1974-ல் வியன்னா ஃபில்ஹார்மானிக்கோடு கார்லோஸ் கிளைபர் பதிவு செய்தது. முன்னவர் அப்பா, பின்னவர் மகன்.

எரிக், பெர்லின் அரசு ஓபராவின் இசை இயக்குநராக இருந்தவர். ஆல்பன் பெர்க்கின் நவீன இசைக்கு நாஜிகள் போட்ட முட்டுக்கட்டையை எதிர்த்து, 1934-ல் வேலையையே தூக்கிப் போட்டார். குடும்பம் தென் அமெரிக்கா போனது. பெர்லினில் பிறந்த கார்ல், அங்கே கார்லோஸ் ஆனார்.

அத்தனை தைரியமான அப்பாவுக்கு, மகன் இசைக்கு வருவதில் மட்டும் விருப்பமில்லை. மகன் கெமிஸ்ட்ரி படிக்கப் போனார். (நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கிறதல்லவா?) படிப்பு ஒட்டவில்லை. இசைக்கே திரும்பியவர், ஆரம்பத்தில் 'கார்ல் கெல்லர்' என்ற வேறு பெயரில் மேடையேறினார்.

1956 ஜனவரி 27, மொஸார்ட்டின் 200-வது பிறந்தநாள். அன்றுதான் எரிக் இறந்தார். 18 வருடங்கள் கழித்து, அப்பா பதிவு செய்த அதே சிம்பொனியை மகன் கையில் எடுத்தார்.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். அப்பாவிடம் கண்டிப்பு. மகனிடம் அதே கண்டிப்பு, கூடவே நெருப்பு. மூன்றாம் பகுதி ரகசியம் பேசுவதுபோல் தேய்ந்து, இடைவெளியே இல்லாமல் நான்காம் பகுதியாக வெடிக்கும் இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்.

2011-ல் 'பி.பி.சி மியூசிக் மேகஸின்', 'எல்லாக் காலத்துக்கும் சிறந்த கண்டக்டர் யார்?' என்று 100 கண்டக்டர்களிடம் கேட்டது. முதலிடம் கார்லோஸுக்கு! அதைக் கேட்க அவர் இல்லை, 2004-லேயே இறந்துவிட்டார். அவர் ஸ்டூடியோவில் பதிவு செய்தவை மிகச் சொற்பம். அப்பா நடத்திய படைப்புகள் பலவற்றையே வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடத்தினார்.

உலகமே கைதட்டியும், அவர் காத்திருந்தது ஒரே ஒருவரின் கைதட்டலுக்குத்தானோ என்று தோன்றுகிறது. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை மேஜையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கலாம். 'நல்லா இருக்கே!' என்று இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அடுத்த வாரம் வேறொரு தட்டோடு வருகிறேன்!