கடலுக்குள் இறங்கும் முன் ஒரு கையெழுத்து

அந்தமானின் ஹேவ்லாக் தீவு. காலை ஆறரை மணி. வெயில் அதற்குள் நன்றாக ஏறிவிட்டது. டைவிங் சென்டர் ஒன்றின் வாசலில் ஈர உடைகள் வரிசையாகத் தொங்குகின்றன. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. மதுரைப் பக்கம். கணவன், மனைவி, 12 வயது மகள், கூடவே பாட்டி. மனைவியின் கையில் ஒரு படிவம், ஒரு பேனா.

"ஏங்க, இதுல ஆஸ்துமா இருக்கானு கேட்டிருக்காங்க. உங்களுக்கு என்ன போட?"

"அது எப்பவாச்சும் வர்றதுதானே? இல்லைனு போட்டுரு. இருக்குனு போட்டா இறக்க மாட்டாங்க. கட்டுன காசு போயிரும்."

மனைவியின் பேனா அப்படியே நிற்கிறது.

இது குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதை அல்ல. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான சீஸனில் ஏதாவது ஒரு டைவிங் சென்டரின் வாசலில் நடக்கக்கூடிய உரையாடல்தான். ரிசார்ட் எது, கடலைப் பார்த்த அறை கிடைக்குமா, எந்தப் படகில் டிக்கெட் மலிவு என்று இரண்டு மாதமாக அலசிய குடும்பம், தன் உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு தாளைக் கடற்கரையில் ஐந்து நிமிடத்தில் நிரப்புகிறது. அங்கேதான் தப்பு தொடங்குகிறது.

பத்துக் கேள்விகள் எதற்கு?

உலகம் முழுக்க டைவிங் மையங்கள் பரவலாகப் பயன்படுத்தும் மருத்துவப் படிவத்தின் முதல் பக்கத்தில் பத்துக் கேள்விகள் இருக்கும். நுரையீரல், இதயம், ரத்தம் தொடர்பான பிரச்னை உண்டா? 45 வயதைத் தாண்டியவரா? காது, மூக்கு, சைனஸ் தொந்தரவு உண்டா? கடந்த 12 மாதங்களில் அறுவை சிகிச்சை நடந்ததா? வலிப்பு, மயக்கம், ஒற்றைத் தலைவலி வந்ததுண்டா? சர்க்கரை நோய் உண்டா? டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? இப்படிப் போகும். கர்ப்பமாக இருப்பவர்கள் டைவ் செய்யவே கூடாது.

'ஆமாம்' என்று போட்டாலே வாசல் அடைபட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சில பதில்களுக்கு அடுத்த பக்கத்தில் கூடுதல் கேள்விகள் வரும். சிலவற்றுக்கு டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். சொந்த ஊரில் குடும்ப டாக்டரிடம் அரை மணி நேரத்தில் முடிகிற வேலை இது. ஹேவ்லாக் கடற்கரையில் காலை ஆறரை மணிக்கு அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவது? அதனால்தான் பேனா 'இல்லை' பக்கம் சாய்கிறது.

ஆஸ்துமாவுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்கூபா டைவிங்கில் முதுகில் மாட்டுவதை 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்றே பலரும் சொல்கிறார்கள். உண்மையில் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஏறக்குறைய 21 சதவிகிதம் ஆக்ஸிஜன், 78 சதவிகிதம் நைட்ரஜன்.

கடல் மட்டத்தில் நம்மீது இருக்கும் காற்றழுத்தத்தை ஒரு மடங்கு என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் ஆழத்தில் அது இரண்டு மடங்கு. மேலே ஊதிய பலூனை அங்கே கொண்டுபோனால் பாதியாகச் சுருங்கும். அங்கே ஊதிய பலூனை மேலே கொண்டுவந்தால் இரண்டு மடங்காக விரியும். நம் நுரையீரலும் ஒரு பலூன்தான். ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடலாம். இதற்குப் பெரிய ஆழம்கூட வேண்டாம், ஓரிரு மீட்டர் போதும். 'மூச்சை ஒருபோதும் அடக்காதே' என்பதை முதல் விதியாகச் சொல்லிக்கொடுப்பது இதற்காகத்தான்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்கள் சுருங்கும். நுரையீரலின் ஒரு மூலையில் காற்று மாட்டிக்கொண்டால், அவர் மூச்சை அடக்காமலேயே அடக்கியது போலாகிவிடும். ஆஸ்துமா உள்ள எல்லோரும் டைவ் செய்யவே முடியாது என்பதல்ல. யார் செய்யலாம், யார் கூடாது என்பதை நுரையீரலைப் பரிசோதித்த டாக்டர்தான் சொல்ல முடியும். பேனா பிடித்திருக்கும் மனைவியோ, பக்கத்தில் அவசரப்படும் கணவனோ சொல்ல முடியாது.

சாதாரண ஜலதோஷமும் அப்படித்தான். மூக்கடைத்துக்கொண்டு விமானத்தில் இறங்கும்போது காது வலித்தவர்களுக்கு இது புரியும். கடலில் முதல் பத்து மீட்டரிலேயே அழுத்தம் வேகமாக மாறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதி, காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்திக்கொண்டே இறங்க வேண்டும். வலி வந்த பிறகு ஊதுவதல்ல, வருவதற்கு முன்பே ஊத வேண்டும். மூக்கு அடைத்திருந்தால் அது நடக்காது. செவிப்பறை கிழியவும் வாய்ப்பு உண்டு.

யார் இறங்கலாம்?

பயிற்சி இல்லாதவர்கள் முதல்முறையாகச் செய்யும் அறிமுக டைவுக்குப் பொதுவாகக் குறைந்தபட்ச வயது 10. அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். நீச்சல் தெரியாதவர்களையும் அந்தமானில் அழைத்துப் போகிறார்கள். பயிற்சியாளர் கூடவே இருப்பார். ஆனால், தண்ணீரைப் பார்த்தாலே பதறுகிறவர், 'மற்றவர்கள் போகிறார்களே' என்பதற்காக இறங்கத் தேவையில்லை. பயத்தில் வேகமாக மேலே வருவதுதான் ஆபத்து. சான்றிதழ் படிப்பு வேண்டும் என்றால் அது வேறு. மூன்று நான்கு நாள் ஆகும். 200 மீட்டர் நீந்திக்காட்ட வேண்டும். 10 நிமிடம் மிதக்கத் தெரிய வேண்டும்.

இறங்கும் முன் இடுப்பளவு தண்ணீரில் பழக்குவார்கள். வாயால் மட்டும் மூச்சு விடுவது, மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் வெளியேற்றுவது, கை சைகைகள். இந்தப் பயிற்சியை 'சீக்கிரம் முடிங்க' என்று அவசரப்படுத்துகிற இடம் என்றால் யோசிக்க வேண்டும்.

சைகைகளில் நம்மவர்கள் தவறாமல் தடுமாறும் ஒன்று உண்டு. கட்டை விரலை உயர்த்திக் காட்டினால் நமக்கு 'சூப்பர்'. கடலுக்கு அடியில் அதற்கு 'மேலே போகலாம்' என்று அர்த்தம். கேமராவைப் பார்த்ததும் உற்சாகமாகக் கட்டை விரலைக் காட்டினால், பயிற்சியாளர் மேலே கூட்டி வந்துவிடுவார். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினால்தான் 'நன்றாக இருக்கிறேன்'. உள்ளங்கையைக் கீழே விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. இந்த மூன்றையும் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

கடைசி நாளில் டைவ் வேண்டாம்

படிவத்துக்கு அடுத்தபடியாகப் பலர் கோட்டைவிடும் இடம் பயணத் திட்டம். 'கடைசி நாளில் ஸ்கூபாவை வைத்துக்கொள்வோம், அதுதானே ஹைலைட்' என்று நினைக்கிறார்கள்.

ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக ரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மேலே வந்த பிறகு அது மெதுவாக வெளியேற வேண்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. ஏறக்குறைய 8,000 அடி உயர மலையில் நிற்பது போல இருக்கலாம். சோடா பாட்டிலைத் திறந்ததும் குமிழி பொங்குகிறதே, அதுபோல மிச்சமிருக்கும் நைட்ரஜன் உடலுக்குள் குமிழிகளாகலாம். மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், கடுமையானால் பக்கவாதம் வரை போகும். இதற்கு ஆக்ஸிஜனும் அழுத்த அறை சிகிச்சையும் தேவை. அந்த அறை எல்லா ஊரிலும் கிடையாது.

அதனால் ஒரே ஒரு டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒரே நாளில் பல முறையோ, தொடர்ந்து பல நாள்களோ டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம். ஒரு கணக்கு: இரண்டாவது டைவ் மதியம் 2 மணிக்கு முடிந்து, மறுநாள் காலை 7 மணிக்கு விமானம் என்றால், இடைவெளி 17 மணி நேரம். போதாது.

திட்டத்தைத் திருப்பிப் போட்டால் இந்தக் கவலையே வேண்டாம். முதல் நாள் போர்ட் பிளேர் என்று நாம் பழகிய, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய தலைநகரில் இறங்கி, செல்லுலார் சிறையைப் பார்க்கலாம். 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சிறையின் தனியறைகளைப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள் படகில் ஹேவ்லாக். 2018 முதல் இதன் பெயர் ஸ்வராஜ் தீவு. மூன்றாம் நாள் காலையில் டைவ். பிறகு ராதாநகர் கடற்கரை, எலிஃபென்ட் பீச், அங்கிருந்து நீல் தீவு என்று கரையோரச் சுற்றுலாக்களைக் கடைசி நாள்களுக்கு வைத்துக்கொள்ளலாம். படகுப் பயணம் கடல் மட்டத்திலேயே நடப்பதால் நைட்ரஜன் பிரச்னை இல்லை.

ராதாநகரில் சூரிய அஸ்தமனம் பார்க்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் கடிகாரம் இந்திய நேரம்தான். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். நம் ஊர் நினைப்பில் ஆறு மணிக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்க முடியும். அந்தமான் கடலோரங்களில் முதலைகள் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது.

தொடாமல் பார்

கீழே தெரியும் பவளம் பாறை போல இருந்தாலும் அது உயிர். நுண்ணிய விலங்குகள் கூட்டமாகச் சேர்ந்து கட்டிய வீடு. சில வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே வளரும். ஒரு செல்ஃபிக்காக ஏறி நிற்கும் கால், ஒரு தலைமுறையின் வளர்ச்சியை முறித்துவிடும். 2010-ல் கடல் சூடானபோது அந்தமானின் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின. மீண்டுவருபவற்றை நாமும் மிதிக்க வேண்டாம். உடைந்த துண்டு கரையில் கிடந்தாலும் பையில் போடக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் எடுத்துச் செல்வது குற்றம்.

தொடாமல் இருப்பது நமக்கும் நல்லது. அழகான இறக்கைகளை விரித்து நிற்கும் சிங்கமீனின் முட்களில் விஷம் உண்டு.

அந்தப் பேனா என்ன எழுதியது?

மீண்டும் ஹேவ்லாக் வாசலுக்கு. மனைவி கணவனைப் பார்க்கிறாள்.

"போன மாசம்கூட ராத்திரி இன்ஹேலர் தேடுனீங்க. நான் இருக்குனுதான் போடுவேன்."

படிவத்தைப் படித்த பயிற்சியாளர், டாக்டர் கடிதம் இல்லாமல் அவரை இறக்க முடியாது என்கிறார். கணவன் முகம் சுண்டிப்போகிறது. பாட்டி மட்டும், "நீ என்கூட இருப்பா. ரெண்டு பேருமா வேடிக்கை பாப்போம்" என்கிறார். தாயும் மகளும் இறங்குகிறார்கள். அரை மணி நேரம் கழித்து மாஸ்க் தடம் பதிந்த முகத்தோடு மகள் கரையேறும்போது, முதலில் ஓடிப்போய்த் துண்டு கொடுப்பது அப்பாதான்.

இரண்டு நாள் கழித்து நீல் தீவின் பரத்பூர் கடற்கரையில் நால்வரும் கண்ணாடி அடித்தளப் படகில் ஏறுகிறார்கள். காலுக்குக் கீழே பவளம் நகர்கிறது. நீச்சல் வேண்டாம், மூச்சுப் பயிற்சி வேண்டாம், படிவமும் வேண்டாம். பாட்டி குனிந்த தலை நிமிரவில்லை.

மகள் அப்பாவின் கையைப் பிடித்து ஒவ்வொன்றாகக் காட்டுகிறாள். "அதோ அந்த ஆரஞ்சு மீனைத்தான் நான் பக்கத்துல பாத்தேன். அடுத்த தடவை நீங்களும் வாங்கப்பா. ஆனா ஊர்லயே டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்க."