டிங்! கல்லாப்பெட்டி

கல்லாப்பெட்டி மெஷின்னா கூட்டல் போடத்தான்னு நெனைக்கிறோம். இல்லீங்க! அமெரிக்காவுல டேட்டன் நகரத்து மதுக்கடைக்காரர் ஜேம்ஸ் ரிட்டி 1879-ல அதுக்குக் காப்புரிமை வாங்கினதே, வேலையாளுங்க காசைச் சுருட்டுறாங்கன்னுதான்.

உள்ளே எல்லாம் பல்சக்கரம். ஒண்ணு முழுசா சுத்தினா பக்கத்துச் சக்கரம் ஒரு பல்லு நகரும், பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி. அப்புறம் வந்த மெஷின்கள்ல தொகை எழுதின தகடு மேலே எழும்பும், வாங்கறவருக்கும் தெரியும். டிராயர் திறந்தா மணி அடிக்கும். மொத்தக் கணக்கைப் பூட்டின சாவி முதலாளிகிட்ட.

நான் பார்த்த ஒரு பில்லிங் சாஃப்ட்வேர்ல அட்மின் பாஸ்வேர்டு தெரிஞ்சா போதும், நேத்து வித்ததையே இல்லேன்னு ஆக்கிடலாம் :-( மாசக் கடைசியில கணக்கு உதைச்சா, கல்லால உக்கார்ற பையன் சம்பளத்துல பிடிப்பாங்க. அவன் எடுக்கலேன்னு சொல்ல சாட்சி ஏது?

பில்லிங் புரோகிராம் எழுதுற மக்களே, அந்த டெலீட் பட்டனைத் தூக்கிடுங்கப்பா. தப்பான பில்லுக்கு எதிர்ப்பதிவு போட்டுக்கலாம்.