அடுப்பு வந்தது, விறகு எங்கே?

அடுப்பு நல்ல அடுப்புதான். கண் எரியவில்லை. பாத்திரத்தில் கரி ஏறவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் சோறும் குழம்பும் இறங்கிவிட்டன.

ஆனால், அந்த அடுப்பு பிறகு எங்கே போயிற்று? பரணுக்கு!

கோளாறு அடுப்பில் அல்ல. அதில் போட்டு எரிக்க வேண்டிய விறகு கிடைக்கவில்லை. கிடைத்தபோதும், விலை கட்டுப்படியாகவில்லை.

"பெல்லட் அடுப்பு" என்ற புதுமைக்கு இந்தியாவில் நேர்ந்த கதி இதுதான். அடுப்பை விற்கிறவர் அதன் விறகுக்கும் பொறுப்பு ஏற்க வேண்டும். ஏற்காத வரையில், எவ்வளவு நல்ல அடுப்பு வந்தாலும் அது பரணுக்குத்தான் போகும்.

பெல்லட் என்றால் என்ன?

மரத்தூள், கரும்புச் சக்கை, கடலைத் தோல் போன்றவற்றைப் பொடியாக்கி, யந்திரத்தில் போட்டுப் பலமாக அழுத்துவார்கள். சிறு சிறு உருளைகளாக வெளியே வந்து விழும். அதுதான் பெல்லட். ஏறக்குறைய பென்சில் பருமன் இருக்கும். நீளம் ஓர் அங்குலத்துக்கு முன்பின் இருக்கும்.

அழுத்தும்போது உண்டாகும் சூட்டில், மரத்திலும் சக்கையிலும் இயற்கையாக உள்ள பசை இளகுகிறது. அதுவே தூளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

பெல்லட்டின் சிறப்பு அதன் உலர்ச்சி. நல்ல பெல்லட்டில் ஈரம் 100-க்கு 10 பங்குகூட இருக்காது. எல்லாம் ஒரே அளவாக இருப்பதால், ஒரே சீராக எரியும்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குச் சூடு ஏற்ற இது பயன்படுகிறது. அங்கே அடுப்புக்குள் இருக்கும் யந்திரமே பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொள்ளும். இந்தியாவுக்கு வந்தது வேறு வகை. இது சமையல் அடுப்பு.

ஊர்ஜா வந்த கதை

பெங்களூரில் உள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தில், பேராசிரியர் எச்.எஸ்.முகுந்தாவும் அவருடைய குழுவினரும் இந்த அடுப்பை உருவாக்கினார்கள். பி.பி. என்ற பெரிய எண்ணெய்க் கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. "ஊர்ஜா" என்று பெயர் வைத்தார்கள். ஊர்ஜா என்றால் சக்தி என்று பொருள்.

மராட்டியம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய இடங்களில் விற்பனை நடந்தது. 2010-ம் ஆண்டுக்குள் 4 லட்சம் அடுப்புகளுக்கு மேல் விற்றன. இலவசமாகக் கொடுத்தது அல்ல. மக்கள் கைக்காசு கொடுத்து வாங்கியது. புகை இல்லாத அடுப்புக்குத் தாய்மார்கள் எவ்வளவு ஏங்கினார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எப்படி எரிகிறது?

சாதாரண அடுப்பில் தீயைக் கீழே மூட்டுவார்கள். இதில் மேலே மூட்ட வேண்டும். வித்தை அங்கேதான் இருக்கிறது.

அடுப்பின் அடியில் ஒரு சிறு விசிறி உண்டு. அது பாட்டரியில் ஓடும். விசிறி தள்ளும் காற்று இரண்டு வழியாகப் போகிறது. ஒரு பகுதி அடியிலிருந்து பெல்லட்டுகளுக்கு இடையே புகுந்து மேலே வருகிறது. அது பெல்லட்டைச் சுட்டு, அதிலிருந்து வாயுவைக் கிளப்புகிறது. மற்றொரு பகுதி, மேலே வட்டமாக உள்ள துளைகள் வழியாக வந்து அந்த வாயுவை எரிக்கிறது.

விறகு அடுப்பில் புகையாகப் போவது, இதில் தீயாக எரிந்துவிடுகிறது. அதனால்தான் கரியும் இல்லை, கண்ணீரும் இல்லை.

ஒரு முறை நிரப்ப சுமார் 600 கிராம் பெல்லட் பிடிக்கும். அது ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியும்.

கையாளும் முறை

இந்த அடுப்பு முரட்டுத்தனத்தைப் பொறுக்காது. பக்குவம் தெரிந்தால் தங்கம்; தெரியாவிட்டால் இதுவும் புகையும்.

முதலில் பெல்லட்டை முறத்தில் போட்டுப் புடைக்க வேண்டும். மூட்டையின் அடியில் தூள் சேர்ந்திருக்கும். தூளோடு கொட்டினால் அடியிலிருந்து வரும் காற்று அடைபடும். தீ மந்தமாகும்.

பெல்லட்டை மேல் துளைகளுக்குக் கீழே வரைதான் நிரப்ப வேண்டும். துளைகளை மூடினால் வாயுவை எரிக்கக் காற்று கிடைக்காது. உடனே புகை கிளம்பும்.

மேலே சில சிராய்களை வைத்துப் பற்ற வைக்க வேண்டும். மேல்பரப்பு முழுவதும் தீ பிடித்த பிறகுதான் விசிறியைக் கூட்ட வேண்டும். பற்ற வைத்த உடனே விசிறியை வேகமாக ஓட்டினால், பச்சைத் தீயை ஊதி அணைத்ததாகிவிடும்.

அடுப்பு எரியும்போது நடுவில் பெல்லட்டைக் கொட்டக் கூடாது. விறகைத் தள்ளிப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான். ஆனால் புதிய பெல்லட் தீயின் மேல் விழுந்தால், தீ அமுங்கிப் புகை மண்டும். எரிந்து முடிந்து, சாம்பலைக் கொட்டிய பிறகே மறுபடி நிரப்ப வேண்டும்.

எரியும் தீயே எல்லாவற்றையும் சொல்லிவிடும். தீ தளர்ந்து, சிவந்து, பாத்திரத்தில் கரி படிந்தால், காற்று போதவில்லை. விசிறியைக் கூட்ட வேண்டும். தீ படபடவென்று துடித்து, எழும்பி எழும்பி அணையப் பார்த்தால், காற்று அதிகம். குறைக்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் பெல்லட்டில் ஈரம் ஏறியிருக்கும். அதற்கு விசிறியில் மருந்து இல்லை. மூடியுள்ள தகர டின்னில் பெல்லட்டை வைத்திருப்பதே மருந்து.

நல்ல பெல்லட்டா என்று பார்ப்பதும் எளிது. விரலால் ஒடித்தால் "சடக்" என்று ஒடிய வேண்டும். அமுக்கியதும் உதிர்ந்தால் அது ஈரம் குடித்த சரக்கு.

சாம்பலில் கல் போன்ற கட்டிகள் இருந்தால், அவற்றைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவை அடித் துளைகளை அடைக்கும்.

புகை இல்லை; ஆபத்தும் இல்லையா?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம்.

தீ முடிந்த பிறகு அடியில் கனல் இருக்கும். பால் காய்ச்சவோ, குழம்பைச் சுண்ட வைக்கவோ அந்தக் கனல் போதும். விசிறியைக் குறைத்து வைத்தால் அது சிக்கனமும்கூட. ஆனால் கனலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய அறையில் அது ஆளையே கொல்லும்.

ஆகவே, புகை வரவில்லை என்பதற்காக ஜன்னலைச் சாத்தக் கூடாது. மழை பெய்கிறது என்று கனலோடு அடுப்பைப் படுக்கும் அறைக்குள் கொண்டு வரவே கூடாது.

விறகு எங்கே?

இவ்வளவு பக்குவத்தையும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் எந்தத் திருகைத் திருப்பினாலும் சரிசெய்ய முடியாத கோளாறு ஒன்று வந்தது. அது அடுப்புக்கு வெளியே இருந்தது.

பெல்லட்டுக்கான கச்சாப் பொருளின் விலை ஏறியது. கரும்புச் சக்கையைக் கேட்க வேறு பலரும் இருந்தார்கள். சர்க்கரை ஆலைகளே அதை எரித்து மின்சாரம் தயாரித்தன. பெல்லட் விலையும் ஏறியது. பல ஊர்களுக்குச் சரக்கு ஒழுங்காக வந்து சேரவில்லை.

பி.பி. கம்பெனி இந்தத் தொழிலிலிருந்து விலகியது. பிறகு நடத்தியவர்கள் ஓட்டல்கள், பெரிய சமையல் கூடங்கள் பக்கம் திரும்பினார்கள். மூட்டை மூட்டையாக வாங்கும் ஓட்டல்காரர் எங்கே? மாதம் ஒரு மூட்டை வாங்கும் குடும்பம் எங்கே? வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லவா வேண்டும்!

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் இந்த அடுப்பு வாங்கிய வீடுகளில் விசாரித்து, 2014-ம் ஆண்டில் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலான வீடுகள் அடுப்பை ஒதுக்கி வைத்துவிட்டன என்று அதில் தெரிந்தது. பெல்லட் விலையும், கிடைக்காத தொல்லையும்தான் முக்கியக் காரணங்கள்.

சுள்ளி பொறுக்கிப் போட இது விறகு அடுப்பு அல்ல. பெல்லட் இல்லாவிட்டால் இது வெறும் தகர டப்பா. காசு கொடுத்து வாங்கிய குடும்பம் மறுபடி புகை அடுப்பின் முன் உட்கார்ந்தது. நஷ்டம் யாருக்கு?

பழைய பாடம்

இப்படி நடப்பது முதல் தடவை அல்ல.

1983-ம் ஆண்டில் மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுவதும் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டன. 2002-ம் ஆண்டில் திட்டம் நின்றது. அடுப்புகளில் பல அதற்கு முன்பே நின்றுவிட்டன! உடைந்தால் சரிசெய்ய ஆள் இல்லை. புகைப்போக்கி அடைத்தால் கேட்க நாதி இல்லை. எத்தனை அடுப்பு கொடுத்தோம் என்று கணக்கு எழுதினார்கள். எத்தனை அடுப்பு எரிகிறது என்று பார்க்கவில்லை.

கணக்குப் புத்தகத்தில் அடுப்பு எரிந்தால் வீட்டில் சோறு வேகுமா?

காஸ் இருக்கிறதே!

"காஸ் அடுப்பு வந்துவிட்டது. இனி பெல்லட் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2016-ம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கோடிக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்குக் காஸ் இணைப்பு கிடைத்தது. நல்ல காரியம்தான். சந்தேகம் இல்லை.

ஆனால் சிலிண்டர் தீர்ந்ததும் அடுத்தது வாங்கக் கையில் பணம் வேண்டும். அதனால் கிராமங்களில் எத்தனையோ வீடுகளில் காஸ் அடுப்புக்குப் பக்கத்திலேயே விறகு அடுப்பும் எரிகிறது. டீக்கும் விருந்தாளிக்கும் காஸ். சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு!

வீட்டு அடுப்புப் புகையால் 2020-ம் ஆண்டில் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஆகவே, காஸ் வாங்க முடியாத நாட்களுக்கு ஒரு சுத்தமான அடுப்பு இன்னும் தேவைதான்.

பெல்லட் போகும் இடம்

நாட்டில் பெல்லட் தயாராகவில்லையா? தயாராகிறது. 2021-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய மின்சார அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அனல் மின்நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவிகிதம் பெல்லட் கலந்து எரிக்க வேண்டும் என்று அது சொன்னது. வயல்களில் வைக்கோலைக் கொளுத்துவது குறையும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்.

ஆனால் வயலில் விளைந்த சக்கையும் தட்டையும் பெரிய கொதிகலனுக்குப் போக வழி செய்தவர்கள், அதே கிராமத்து அடுப்புக்கும் ஒரு பங்கு வர வழி செய்யக் கூடாதா? கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் பல கிராமங்களில் இருக்கின்றன. ரேஷன் கடைகள் இருக்கின்றன. கடலை விளையும் ஊரில் கடலைத் தோலும், மர அறுவை மில் உள்ள ஊரில் மரத்தூளும் கிடைக்கின்றன. அங்கங்கே தயாரித்து, அங்கங்கே விற்றால், லாரிக் கூலியே மிச்சம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

இனி யாராவது பெல்லட் அடுப்பு விற்க வந்தால், குடும்பத் தலைவிகள் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

1. பெல்லட் எந்தக் கடையில் கிடைக்கும்? மழைக் காலத்திலும் கிடைக்குமா? தினம் இரண்டு வேளை நிரப்பினால் ஒரு வீட்டுக்கு மாதம் 36 கிலோ வேண்டும். அதைத் தலையில் சுமந்து பஸ்ஸில் வர முடியாது.

2. விலை என்ன? ஒரு கிலோ காஸ் செய்யும் வேலையைச் செய்ய, தோராயமாக மூன்றரைக் கிலோ பெல்லட் வேண்டும். காஸின் கிலோ விலையை மூன்றரையால் வகுத்துப் பார்க்க வேண்டும். பெல்லட்டின் விலை அதற்குக் கீழே இருந்தால்தான் லாபம்.

3. விசிறியோ பாட்டரியோ கெட்டால் யார் பழுது பார்ப்பார்? மின்வெட்டு நாளில் பாட்டரி எத்தனை வேளை தாங்கும்?

4. கம்பெனி பெல்லட் விற்பதை நிறுத்திவிட்டால், அடுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா?

நான்காவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் அடுப்பு வாங்கத் தேவையில்லை.

தீ எரிய மூன்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சூடு, காற்று, எரிபொருள். சூட்டைக் கொடுக்கத் தீப்பெட்டி இருக்கிறது. காற்றைக் கொடுக்க விசிறி இருக்கிறது. இரண்டையும் கையாள வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவதைக் கொடுக்க வேண்டியவர்கள், அடுப்பை விற்கிறவர்களும் ஆட்சி செய்கிறவர்களும். அவர்கள் தங்கள் பங்கைச் செய்யட்டும். பரணில் இருக்கும் அடுப்பு தானே கீழே இறங்கும்!